கழுவாம பூசறவரு

மொதல்ல அந்த மனுசனோட டம்ளரைப் பத்திச் சொல்லிப்போடறேனுங்க. சாப்பிட்டுக்கிட்டே படிக்கறவங்க யாராச்சும் இருந்தீங்கன்னா வட்டலை அக்கட்ட நகத்தி வெச்சுக்குங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

எவர்சில்வர் டம்ளருங்க அது. தெனமும் அதுலதான் டீ குடிப்பாரு. குடிச்சு முடிச்சதும் கவுத்து வெச்சுப்போடுவாரு. கழுவ மாட்டாரு. அடுத்த நாள் அதுமேலயே புது டீ. அதுக்கடுத்த நாள் அதுமேல இன்னொரு டீ. உள்ளார எட்டிப் பாத்தா ஓரத்துல பழுப்பு, நடுவால கருப்பு, அடியில என்னமோ பச்சையா ஒண்ணு. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே, ஒரு நாள் அவரு அந்தப்பக்கம் போனதும் ஸ்குரூ டிரைவரை வுட்டுச் சுரண்டிப் பாத்தேன். பழைய செவுத்துப் பெயிண்டாட்ட சுருண்டு சுருண்டு வந்துச்சு. அதுக்குள்ள வந்துபோட்டாரு.

"அய்யோ கண்ணு, சுரண்டிப்போடாதீங்க! அதுலதானுங்க டேஸ்ட்டே இருக்குது!"

சொல்லிப்போட்டு, சுரண்டுனது கெடக்கறப்பவே அதுமேல டீய ஊத்திக் குடிச்சாரு. அன்னிக்கு மத்தியானம் எனக்குச் சோறு எறங்கலைங்க.

அவரு பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா வாயக் கொப்புளிக்கோணும். நாங்க வெச்ச பேரு கோட்டிங். "கோட்டிங் வாராருடோய்"னா லைன்ல நிக்கறவங்க அத்தனை பேரும் மூச்சை ஒரு தம் இழுத்துப் புடிச்சுக்குவோம். ஏன்னா அவரு வாரதுக்கு முன்னால அவரு சென்ட்டு வரும், சென்ட்டுக்குப் பின்னாலயே, சென்ட்டு எதை மறைக்க வந்துச்சோ அதுவும் வரும்.

மதுக்கரை தாண்டிப் போனீங்கன்னா ஒரு கம்பெனி இருந்துச்சுங்க. கூல்டிரிங்ஸ் ஊத்தற அலுமினிய டப்பா பண்ற கம்பெனி. அவரு அங்க பூச்சு செக்சனுக்கு இன்சார்ஜு. நானு டப்பாவுக்கு உள்பூச்சு அடிக்கற மெஷினு ஓட்டறவன். பத்தாவதுல கணக்குல பெயிலு. அதுகூடப் பரவால்ல, தமிழ்லயும் பெயிலு. அதனாலதான் இப்படி எழுதறேன், பொறுத்துக்குங்க.

டப்பா எப்படி ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியாதில்ல? குடிச்சுப்போட்டுக் கசக்கி ரோட்டோரம் வீசறதோட உங்க சோலி முடிஞ்சுபோச்சு. கேளுங்க. அலுமினியத் தகட்டை வட்டமா வெட்டி, கிண்ணமா அமுக்கி, இழு இழுன்னு இழுத்து நெட்டையா ஆக்குவாங்க. எண்ணெ ஊத்தாம இழுத்தா கிழிஞ்சுபோகும். அதனால டப்பா பொறக்கறப்பவே ஒடம்பெல்லாம் எண்ணெயோடதான் பொறக்கும், தலை தீவாளிக்கு மாமியாரூட்டுல ஒக்காந்திருக்கற மாப்பிள்ளையாட்ட. அப்புறம் குளியலு. பெல்ட்டு மேல வாயைக் கவுத்துக்கிட்டு வரிசையாப் போகும். மேலேருந்தும் தண்ணி பீச்சும், கீழேருந்தும் பீச்சும். மேல பீச்சறது வெளிப்பக்கத்துக்கு. கீழ பீச்சறது வாய் வழியா உள்ளார போய்க் கழுவும். ஆசிட் தண்ணி, சுடுதண்ணி, நல்ல தண்ணின்னு மாத்தி மாத்தி.

குளிச்சுக் காஞ்சாத்தான் அலங்காரம். ரப்பர் பட்டை மேல கலர் கலரா மை ஏறியிருக்கும். டப்பா அதுமேல ஒரே சுத்து உருளும், படம் முழுசும் ஒட்டிக்கும். பாக்கறதுக்கு மாயமாட்ட இருக்கும். படத்து மேல வார்னிஷு. ஒரசி நிக்காம வழுக்கிக்கிட்டு ஓடறதுக்கு அடிவட்டத்துல ஒரு தடவலு. ஓவன்ல சுட்டு எடுத்தா எங்கிட்ட வரும். எம்மெஷின்ல டப்பா கிறுகிறுன்னு சுத்தும், ஒரு மூக்கு உள்ளார பூச்சைப் பொகையாட்டப் பீச்சும், மறுக்கா ஓவன். வெங்காயச் சருகை விட மெல்லிசா உள்ளார ஒட்டிக்கும், கண்ணுக்கே தெரியாது. ஆனா அதுதானுங்க குடிக்கறதுக்கும் அலுமினியத்துக்கும் நடுவால நிக்குது. அது இல்லாத எடத்துல புளிப்பு பட்டுச்சுன்னா, அலுமினியத்தைத் தின்னு ஓட்டை போட்டுப்போடும்.

ஒரே ஒரு விசயம். எண்ணெ போகாத எடத்துல பூச்சு ஒட்டாது. எண்ணெத் தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா எப்படி உருண்டு ஒதுங்குது, அப்படி ஒதுங்கிக்கும். இது எனக்கே தெரியும்னா அவருக்குத் தெரியாதுங்களா? நல்லாத் தெரியும். ஆனா கழுவறதுன்னா மனுசனுக்கு ஒடம்பெல்லாம் எரியும்.

ஆளைப் பாத்தாலே தெரிஞ்சுபோகும். வேர்வை மேல பவுடரு, பவுடர் மேல வேர்வை, அதுமேல மறுக்கா பவுடரு. கழுத்து மடிப்புல சேறாட்ட கட்டி, காஞ்சு, பொழுதோட வெடிச்சு நிக்கும். தலைக்கு எண்ணெ வெப்பாரு, எண்ணெ மேலயே டை அடிப்பாரு. டை எங்க புடிக்கும்? காதோரமாக் கருப்பா வழியும். அதைத் தொடச்ச கர்ச்சீப்புலயே மூக்கைச் சிந்துவாரு. அதுலயே கண்ணாடியத் தொடைப்பாரு. அதே கர்ச்சீப்பை விரிச்சு ஒரு நாள் எனக்கு முறுக்கு குடுத்தாரு. "எங்கூட்டுல சுட்டதுங்க கண்ணு, கூச்சப்படாதீங்க." கூச்சமா? நானு பாத்ரூமுக்கு ஓடுனேன்.

பேச்சு மட்டும் தேனு. யாரையும் அதட்ட மாட்டாரு. எங்கூட ஓட்டறவன் ஒருத்தனுக்கு லீவு கெடைக்காமப் பண்ணுனாரு, அவனுக்கே ஜிலேபி வாங்கியாந்து ஊட்டுனாரு. "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க கண்ணு"ன்னு முதுகைத் தடவுனாரு. அவன் சட்டை முதுகுல பவுடர் கையி அப்படியே பதிஞ்சிருந்துச்சு. அவனும் ஜிலேபியத் தின்னுபோட்டுச் சிரிச்சான் பாருங்க, அதைத்தான் என்னால சகிச்சுக்க முடியலை.

ஒருக்கா அவரு ஊட்டுக்கும் போனேன். குனியமுத்தூர் பக்கம். அவரு பொண்ணைப் பாக்க மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரை வாராங்கன்னு, சேர் தூக்கிப் போட எங்களைக் கூப்பிட்டாரு. ஊடெல்லாம் இளம்பச்சைப் பெயிண்டு புதுசா மின்னுது. சரி, மனுசன் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்காருன்னு நெனச்சுக்கிட்டுச் செவுத்தைப் பாத்தேன். பச்சையா ஒரு பல்லி. அசையவே இல்ல. கிட்டப் போய்ப் பாத்தா, செத்துக் காஞ்சு ஒட்டியிருந்த பல்லிங்க. அதை எடுக்காம அதுமேலயே ரெண்டு கோட்டு அடிச்சிருக்காங்க. வாலு, வெரலு எல்லாம் பச்சை.

அவரு ஊட்டம்மாகிட்ட மெதுவாக் கேட்டேன். "ஏனுங்க, இது..."

"டிசைனுங்க அது"ன்னாங்க. கண்ணே சிமிட்டலை.

ஒறம்பரையோட வந்த ஒரு குட்டிப் பையன் சும்மா இருப்பானா? நோண்டிப்போட்டான். பல்லி வந்து பஜ்ஜித் தட்டு ஓரத்துல பொத்துனு வுழுந்துச்சு. செவுத்துல பல்லி வடிவத்துல பழைய மஞ்சக் கலரு. அவரு என்ன பண்ணுனாருங்கறீங்க? வாலைப் புடிச்சுத் தூக்கி ஜன்னல் வழியா வீசிப்போட்டு, தட்டை வாயால ஒரு ஊது ஊதி எம்பக்கம் நீட்டுனாரு. "எடுத்துக்குங்க கண்ணு, சூடா இருக்குது." அப்புறம் ஒறம்பரை பக்கம் திரும்பிச் சிரிச்சாரு. "செவுரு ஒண்ணுமில்லீங்க, ஒரு கோட்டு அடிச்சா தெரியாது."

அந்தச் சம்மந்தம் ஆகலைங்க. அந்தப் பொண்ணு தப்பிச்சுதா, மாப்பிள்ளை தப்பிச்சானான்னு எனக்கு இன்னும் தெரியலை.

இதெல்லாம் சிரிச்சுப்போட்டுப் போற விசயம். அந்தியூர்க்காரம்மா விசயம் அப்படி இல்ல.

அந்தியூர்ப் பக்கம் நெல்லித் தோப்பு வெச்சிருக்கற அம்மா அவங்க. நெல்லிக்காச் சாறை டப்பால அடைச்சு விக்கலாம்னு தோட்டத்துலயே சின்னதா மெஷினு போட்டிருந்தாங்க. டப்பாவுக்கு எங்க கம்பெனிக்கு வந்தாங்க. மொத ஆர்டரு. ஆடி நோம்பிக்கு, கோயில் திருவிழாவுக்கு, அங்க குதிரைச் சந்தை கூடுமில்ல, அங்க கடை போட்டு எறக்கோணும்னு திட்டம். டப்பா மேல நெல்லிக்கா கொத்து, பக்கத்துல ஒரு வெள்ளைக் குதிரை. மாதிரிக்கு அடிச்ச மொதல் டப்பாவை அவங்க கையில குடுத்தப்ப, குதிரையை வெரலால தடவிப் பாத்தாங்க.

"ஏனுங்க, நோம்பிக்குள்ள வந்துபோடுமுங்களா?"

"வந்துபோடுமுங்க அம்மணி"ன்னாரு கோட்டிங்.

"கேக்கறனேன்னு நெனக்காதீங்க. இந்த நோம்பில போணியாகலைன்னா, மரத்தையெல்லாம் வெட்டிப்போட்டு மரவள்ளி வெக்கறம்னு எங்க மச்சாண்டாரு சொல்லிப்போட்டாருங்க. எங்கூட்டுக்காரரும் அண்ணன் சொன்னாச் சரிதாங்கறாரு. நாந்தான் ஒரு நோம்பி பொறுங்கன்னு நிறுத்தி வெச்சிருக்கறேன். அத்தனையும் நா வந்து நட்ட மரமுங்க."

"அட, நீங்க கவலையே படாதீங்க அம்மணி. உங்க குதிரை எப்படி மின்னுதுன்னு பாருங்க. வார்னிஷு எச்சாவே, கூடுதலாவே போட்டுத் தாரேன்."

அவங்க கேட்டது என்ன, இவரு சொன்னது என்ன பாருங்க. ஆனா அந்தம்மா மொகம் தெளிஞ்சுபோச்சு. அதுதான் அவரு வித்தை.

அந்தச் சமயத்துல டப்பா குளிக்கற தொட்டி எப்படி இருந்துச்சுன்னு சொல்லோணும். தண்ணி மாத்தி ரொம்ப நாளாச்சு. மாத்தோணும்னா லைனை நிறுத்தோணும், தொட்டியை எறைக்கோணும், தண்ணி பீச்சற மூக்கையெல்லாம் கழட்டிக் கழுவோணும். மூடியத் தெறந்தா மீன் கடைச் சாக்கடையாட்ட நாத்தம். ஓரமெல்லாம் வழுவழுன்னு பாசி. நானு போய்ச் சொன்னேன். உள்பூச்சு அங்கங்க ஒட்டாம உருளுதுங்க, கழுவறது சரியில்லைங்கன்னு.

"அப்படிங்களா கண்ணு? இதோ வாரேன்"னு போனாரு. திரும்பி வாரப்ப கையில எலுமிச்சை வாசனை பினாயில் பாட்டலு. தொட்டில அப்படியே கவுத்தாரு. நொரை பொங்கி தரையெல்லாம் ஓடுச்சு. "இப்ப மோந்து பாருங்க. கமகமன்னு இல்ல?"

எனக்கு மண்டை சூடாயிப்போச்சு. மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்கு லைனை நிறுத்துனப்ப நானே கையை வுட்டேன். அடியில இருந்து பீச்சற மூக்கு ஒண்ணைத் தடவித் தடவிக் கழட்டுனேன். அதுக்குள்ள இருந்து மூக்குச் சளியாட்ட பச்சையா, நீட்டமா, அறுந்துபோகாம வந்துச்சுங்க. இழுக்க இழுக்க வந்துச்சு. எண்ணெயும் பாசியும் அலுமினியத் தூளும் சேந்து அழுகுனது. ஓங்கரிச்சுக்கிட்டே இன்னொண்ணைக் கழட்டறப்பத் தகடு கிழிச்சு உள்ளங்கையில ரத்தம். அதுக்குள்ள அவரு வந்துபோட்டாரு.

"அடடா, யாருங்க உங்களை இதெல்லாம் பண்ணச் சொன்னாங்க? கையக் காட்டுங்க."

குழாய்க்குப் போறதுக்குள்ள பாக்கெட்டுல இருந்து பவுடர் டப்பாவை எடுத்து, அந்தச் சேத்துக் கையி மேல, ரத்தத்து மேல, கொட்டித் தடவிப்போட்டாரு. "ரத்தம் நின்னுபோச்சு பாருங்க!" நான் போய்க் கழுவுனேன், ஆனா சேறு உள்ளார போயிருச்சு போல. ரெண்டாம் நாளு கையி பொங்கிப்போச்சு. சீழு. டாக்டரு கீறி வுட்டு, வேலைக்குப் போகாதேன்னுட்டாரு. அந்த மூக்குங்க கழுவாமயே கெடந்துச்சு. அந்தியூர் டப்பா ஓடுனது அப்பத்தான்.

அடுத்து நடந்தது எனக்கு ஸ்டெல்லாக்கா சொன்னதுங்க. அக்கா எங்க கம்பெனி டெஸ்டிங்ல இருந்தாங்க. ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போகாம இருக்க மாட்டாங்க, பொய் சொல்ல வராது. நானு அவங்களைக் கலாய்க்காத நாளே இல்ல. "அக்கா, பாட்டுக் கொயர்ல உங்க சத்தம் கேட்டுத்தான் புறாவெல்லாம் கோயிலை வுட்டுப் போயிருச்சாமே"ன்னா ரூலரைத் தூக்கிக்கிட்டு வருவாங்க.

அவங்க டெஸ்ட்டு சுளுவானது. டப்பாக்குள்ள மயில்துத்தம் கரைச்ச நீலத் தண்ணியை ஊத்தி வெப்பாங்க. பூச்சு முழுசா இருந்தா ஒண்ணும் ஆகாது. பூச்சு இல்லாம அலுமினியம் தெரிஞ்சா, அந்த எடத்துல செம்பு கலர்ல பொட்டு பொட்டா ஏறிக்கும். அந்தியூர் டப்பாக்குள்ள ஊத்திப் பாத்தா அம்மை போட்ட மொகமாட்ட உள்ளார பூராம் பொட்டு.

அக்கா அந்த லாட்டை, அடிச்ச டப்பா மொத்தத்தையும், அனுப்பாம நிறுத்திப்போட்டாங்க. கோட்டிங் சிரிச்சுக்கிட்டே போயிருக்காரு. "ஓரத்துல கெடந்த டப்பாவை எடுத்துப்போட்டீங்க அம்மணி. நீங்க ஒக்காருங்க, எதுக்கு அலையறீங்க? நானே நல்லதா நாலு பக்கமும் பாத்து எடுத்தாரேன்." அவரே எடுத்தாந்து குடுத்ததுல ஒரு பொட்டு இல்ல. அக்கா கையெழுத்துப் போட்டாங்க. லாரி போயிருச்சு.

நான் கைக்கட்டோட திரும்பி வந்தப்ப அந்த சாம்பிள் டப்பாங்க அக்கா மேசை மேலயே இருந்துச்சு. ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல சாச்சுப் பாத்தேன். அடியில பூச்சு சொட்டுச் சொட்டாத் தேங்கி, கெட்டியா, கண்ணீர் காஞ்ச மாதிரி நின்னுச்சு. நானு தெனமும் பாக்கற உள்பூச்சு அப்படி இருக்காதுங்க.

"அக்கா, இதை ஒருக்கா மட்டும் அடிக்கலை. எம்மெஷின்ல மறுக்கா மறுக்கா வுட்டு எடுத்திருக்காரு. இது டெஸ்டுக்குன்னே பூசுன டப்பா."

"டேய், வெளையாடாதடா."

"இதுல வெளையாடலைங்கக்கா."

அக்கா மொகம் வெளுத்துப்போச்சு. "மாதாவே"ன்னு ஒரு தரம் சொன்னாங்க. நேரா மேனேஜருகிட்டப் போனோம். அவரு அக்கா போட்ட கையெழுத்தைக் காட்டுனாரு, "நீதானம்மா பாஸ் பண்ணிருக்கே"ன்னாரு. பக்கத்துலயே கோட்டிங் நின்னுக்கிட்டு, "பாப்பா பயந்துபோச்சுங்க சார், ஒரு காபி குடுக்கச் சொல்லுங்க"ங்கறாரு. அக்கா வெளிய வந்து, கேட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, வேலை போனாப் போகுதுன்னு அந்தியூர்க்காரம்மாவுக்குப் போன் போட்டாங்க.

"ஏனுங்கம்மா, அந்த டப்பால ஊத்தாதீங்க."

அந்தப் பக்கம் அந்தம்மா, "ஊத்தி அடுக்கியாச்சுங்களே அம்மணி. ஏனுங்க?"ன்னாங்களாம்.

நோம்பி நெருங்கறப்ப லாரி திரும்பி வந்துச்சு. எங்க கேட்டுலதான் வந்து நின்னுச்சு. டிரைவர் பக்கத்துல அந்தம்மா. தார்ப்பாயை அவுத்ததும் ஈ கிளம்பி வந்துச்சுங்க, மேகமாட்ட. டப்பாங்க ஒட்டுக்கா உப்பி, கசிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு பிசுபிசுன்னு ஒட்டிக்கெடக்குது. ஆனா வெளியில பாத்தீங்கன்னா, சொல்லவே நாக் கூசுதுங்க, அந்தக் குதிரை அத்தனை பளபளப்பு. நெல்லிக்கா மேல பனித்துளி மொதக்கொண்டு மின்னுது. எச்சா வார்னிஷு போட்டுத் தாரேன்னாரில்ல, அதை மட்டும் வார்த்தை தவறாமப் பண்ணியிருந்தாரு.

மேனேஜரு ஓடியாந்தாரு. கோட்டிங்கும் கைகூப்பிக்கிட்டு வந்தாரு. "வாங்க அம்மணி, வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா? உள்ள வந்து ஒக்காருங்க, வெயிலு."

அந்தம்மா ஒக்காரலை. சத்தமும் போடலை. ஒரு டப்பாவை எடுத்துத் தெறந்தாங்க. புஸ்ஸுனு காத்து. சேலை முந்தானையால டப்பா வாயைத் தொடச்சு அவருகிட்ட நீட்டுனாங்க.

"எங்க தோட்டத்துச் சாறுங்க. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

நான் பக்கத்துலதான் நின்னேன். உள்ளார பாத்தேன். வண்டி கழுவுன தண்ணியாட்ட சாம்பக் கலரு, மேல ஒரு ஆடை. நாத்தம்னா, துருப்புடிச்ச ஆணிய வாயில போட்டுக்கிட்டுச் சாக்கடை ஓரத்துல நின்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி. மேனேஜரு மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு. ஸ்டெல்லாக்கா, "வேண்டாங்க, குடிக்காதீங்க"ன்னாங்க. அவருக்கே பாவம் பாத்தாங்க பாருங்க.

அவரு வாங்கிக் குடிச்சாருங்க! ஒரு வாயில்ல, முழுசா. அந்த ஆடையோட. தொண்டை ஏறி எறங்கறது தெரிஞ்சுது. கண்ணுல தண்ணி நின்னுச்சு. ஆனா சிரிப்பு மட்டும் அப்படியே ஒட்டியிருந்துச்சு. காலி டப்பாவைப் படம் இந்தப்பக்கம் தெரியற மாதிரி புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு:

"நல்லாத்தானுங்க இருக்குது அம்மணி. கொஞ்சம் ஏலக்கா மட்டும் தட்டிப் போட்டுட்டீங்கன்னா, அந்த வாசம் தெரியாது."

அதுவரைக்கும் எனக்கு அந்தாளைக் கண்டா ஒரு வேடிக்கைதானுங்க. கலாய்க்கறதுக்கு ஒரு ஆளு. அந்த நிமிசத்தோட அந்த வேடிக்கை போயிருச்சு. இது திருட்டுப் பண்ணிப்போட்டு மறைக்கற ஆளு இல்லைங்க. அவரு நெசமாவே ஏலக்கா போட்டாச் சரியாயிடும்னு நம்பறாரு.

அந்தம்மா அவரையே பாத்தாங்க. அப்புறம் டிரைவரைப் பாத்து, "எறக்குங்க தம்பி"ன்னாங்க. மேனேஜரு, "வேற டப்பா புதுசா அடிச்சுத் தாரமுங்க, நோம்பிக்கு முன்னாலயே"ன்னு கெஞ்சறாரு. "டப்பா தருவீங்க. காயி?"ன்னாங்க. "உங்க டப்பாங்க இது. உங்க வாசல்லயே ஊத்திக்குங்க. ஊத்தி முடிக்கற வரைக்கும் நா இங்கயே நிக்கறேன்."

நாங்கதான் ஊத்துனோம். நானு, டிரைவரு, ஸ்டெல்லாக்கா, லைன்ல இருந்தவங்க எல்லாரும். அந்தம்மாவும் முந்தானையைச் சொருகிக்கிட்டு ஒக்காந்துட்டாங்க. ஒவ்வொண்ணாத் தெறக்கோணும், புஸ்ஸுங்கும், மொகத்துல தெறிக்கும், கவுக்கோணும். மண்ணு குடிக்க மாட்டேங்குது. கேட்டுல இருந்து ஆபீசு வாசப்படி வரைக்கும் சாம்பக் கலருல தேங்கி நின்னுச்சு. கையெல்லாம் கருப்பு. பாதில ஒருத்தன் எந்திரிச்சுப் போய் வாந்தி எடுத்துட்டு வந்தான். வெயிலு ஏற ஏற நாத்தம் மண்டைக்குள்ள போய் ஒக்காந்துக்கிச்சு. அந்தம்மா மட்டும் மூக்கைப் பொத்தலை.

எனக்கு வாயி சும்மா இருக்காதே. ஆனா அன்னிக்குக் கேலி வரலை. மெதுவாத்தான் கேட்டேன். "ஏனுங்கம்மா, மரமெல்லாம்?"

டப்பாவைக் கவுத்துக்கிட்டே சொன்னாங்க. "இன்னிக்குக் காத்தால நா லாரி ஏறறப்பவே வெட்ட ஆரம்பிச்சுப்போட்டாங்க கண்ணு."

அப்பத்தான் அவரு ஆபீசுக்குள்ள இருந்து வந்தாரு. கையில ஒரு கொத்து ஊதுபத்தி, பத்த வெச்சது. கழுத்துல புதுசாப் பவுடரு. தேங்கி நின்ன தண்ணி ஓரமா, ஒவ்வொண்ணாக் குனிஞ்சு மண்ணுல குத்துனாரு.

"மல்லி வாசமுங்க. பாவம், எத்தனை நேரமா மோந்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க."

அந்தம்மா எந்திரிச்சாங்க. ஊதுபத்தியெல்லாம் ஒண்ணு வுடாமப் புடுங்கி, ஒட்டுக்காச் சேத்து, அந்தச் சாம்பத் தண்ணில முக்குனாங்க. சுர்ருனுச்சு.

"நாறட்டுமுங்க"ன்னாங்க. அப்பவும் அந்த 'ங்க' போகலை பாருங்க. "நீங்களும் இங்கயே நில்லுங்க."

அவரு சிரிச்சுக்கிட்டே ஒரு அடி பின்னால வெச்சாரு. நான் அடுத்த டப்பாவைத் தெறந்து அவரு காலடிலயே ஊத்துனேன்.